நாரந்தனை ரீச்சரின் அயன்பெட்டி

கோசலா பல்கலைக்கழகக் கம்பஸில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவளுடைய ஊரான சரவணையில் யாராவது கேட்டால், தாய் இராசமணி, "பிள்ளை அங்கை செலோரேப் ஒட்டுது" என்று சொல்லிவிடுவாள். அதில் பொய் இல்லை. கோசலா இரண்டு வருடமாகச் செலோரேப்தான், அந்த ஒட்டுநாடாவைத்தான், ஒட்டிக்கொண்டிருந்தாள்.

மொலிப்டினம் இருசல்பைட்டு என்று ஒரு கனியம் இருக்கிறது. பார்ப்பதற்குப் பென்சில் கரிபோல் கறுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். அதைச் செலோரேப்பில் ஒற்றிப் பிரித்து, மறுபடி ஒற்றிப் பிரித்து, இப்படியே போனால் படை படையாக உரியும். கடைசியில் ஒற்றைப் படை கிடைக்கும். அதன் தடிப்பு மூன்று அணு. ஒரு தலைமயிரின் தடிப்பு வருவதற்கு அப்படி ஒரு லட்சம் படை அடுக்க வேண்டும். அதன்மேல் பச்சை லேசரைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும்.

எவ்வளவு ஒளிரும் என்பது அது எதன்மேல் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. தடித்த பொருளுக்கு உள்ளே என்று ஓர் இடம் உண்டு. அடியில் என்ன இருந்தாலும் உட்பகுதி தன்பாட்டில் இருக்கும். இந்தப் படைக்கு உள்ளே என்று ஒன்று இல்லை. மேலும் கீழும் மட்டும்தான். அடியில் இருக்கும் தளம் கொஞ்சம் இலத்திரன் கொடுத்தால் மங்கிவிடும், கொஞ்சம் எடுத்தால் பிரகாசமாகிவிடும். எந்தத் தளத்தில் வைத்தால் இது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் கோசலாவின் வேலை. சிலிக்கன் தகட்டில் வைத்துப் பார்த்தாள். அங்கே அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடத்தில் அவளிடம் நூற்றுப் பதினேழு மங்கலான படங்கள் சேர்ந்திருந்தன.

போன கார்த்திகையில் சிலிக்கன் தகடும் முடிந்துபோனது. புதிதாக வர மூன்று மாதமாகும் என்றார்கள். மேற்பார்வையாளர் கலாநிதி கோபிசங்கர், "மைக்காவிலை வைச்சுப் பாக்கலாம். அணுவளவிலை மட்டமான தளம்" என்றார். ஆனால் ஆய்வுகூடத்துக்கான மைக்காவும் சிலிக்கன் வரும் அதே பெட்டியில்தான் வரவேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மழை விட்டிருந்த நேரம் பார்த்து, தாயின் கிரைண்டரை எடுத்துவருவதற்காகக் கோசலா வேலணை வங்களாவடிச் சந்திக்குப் போனாள். அங்கே பரமலிங்கம் என்பவர் மின்சாரச் சாமான்கள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. கழற்றுவதில் அவரைப்போல் கெட்டிக்காரர் தீவுப்பகுதியில் இல்லை. பூட்டுவதுதான் அவருக்குச் சலிப்பான வேலை. அதனால் கடையின் சுவரோரம் முழுக்க மின்விசிறிகளும் வானொலிகளும் வயிறு திறந்தபடி இருக்கும்.

கிரைண்டர் இன்னும் பூட்டப்படவில்லை. மேசையில் ஒரு பழைய அயன்பெட்டி திறந்து கிடந்தது. கம்பிச் சுருளுக்கு மேலும் கீழுமாக, தேன் நிறத்தில், கண்ணாடிபோல் பளபளக்கும் மெல்லிய தகடுகள்.

"அண்ணை, இது மைக்காவோ?"

"ஓம் தங்கச்சி. நல்ல அசல் மைக்கா. நிலத்துக்குள்ளையிருந்து வந்தபடி இருக்கு. இப்ப வாற பெட்டியளிலை மைக்காத் தூளைப் பசை போட்டு அமத்தித்தான் வைக்கிறாங்கள்."

"எனக்கொரு துண்டு தருவியளோ?"

"ஒண்டென்ன, ரெண்டாய்க் கொண்டு போம். நான் இதுக்குப் புதுசு போட்டுப் பூட்டுவன்" என்று குறட்டால் பிடித்து இரண்டு தகடுகளை எடுத்து அவள் முன் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்தில் உரித்துவைத்த செலோரேப் அவளுடைய கைப்பையில் இருந்தது. கோபிசங்கர் அறிந்தால் ஏசுவார், ஆனால் மேற்கொண்டு வீட்டிலிருந்தே உரித்தால் ஆய்வுகூடத்தில் நேரம் மிச்சம். அவளுக்குத் திங்கள் வரை பொறுக்க முடியவில்லை. ஒரு மைக்காத் தகட்டின் மேல்படையை வேறொரு செலோரேப்பால் உரித்தெடுத்தாள். அப்போதுதான் திறந்த புதுத் தளத்தில், கடை மேசையிலேயே, தன் செலோரேப்பை ஒட்டி அழுத்தினாள். பரமலிங்கம் தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கோ தங்கச்சி நாலு வருசம் படிச்சனீர்?"

"ஏழு வருசம், அண்ணை."

அவர் கிரைண்டரைக் கையில் எடுத்தார்.

திங்கட்கிழமை அந்தத் துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்து லேசரைப் பாய்ச்சியதும் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் எழுந்து நின்றது. கோசலா கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினாள். சிலிக்கனில் வந்ததைவிட இருபத்திரண்டு மடங்கு. கோபிசங்கரைக் கூட்டிவந்தாள்.

"வடிகட்டி போட்டனீரோ?" என்றார். லேசர் ஒளியே நேராகக் கருவிக்குள் போனாலும் இப்படித் தெரியும்.

"போட்டனான், சேர்."

"கழட்டித் திருப்பிப் போடும்."

கழற்றிப் போட்டாள். முக்கோணம் அப்படியே இருந்தது. அலைநீளம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. கோபிசங்கர் சந்தோஷம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்கிற மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு, "ஒருக்கா வந்தால் அது ஆராய்ச்சி இல்லை. இன்னொருக்கா வரவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொருக்கா வரவில்லை. அதே அயன்பெட்டியின் இரண்டாவது துண்டில் கோசலா அந்தக் கிழமை பதினொரு மாதிரிகள் செய்தாள். பதினொன்றும் மங்கல். மூன்றை அவள் இரண்டு தரம் அளந்தாள், ஒருவேளை கருவி மனம் மாறும் என்று. கருவி மனம் மாறவில்லை. வெளியே மழை விடாமல் பெய்தது. பஸ்ஸில் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது, தான் கண்ட அந்த ஒரு முக்கோணமும் பொய்யாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவள் யாருடனும் சரியாகக் கதைக்கவில்லை. இராசமணி, "செலோரேப் ஒட்டேல்லையோ பிள்ளை?" என்று கேட்டபோது எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை காலை பத்தரைக்கு, ஈரக்குடையோடு ஒரு பெண்மணி ஆய்வுகூடத்தின் வாசலில் வந்து நின்றார். எழுபது வயது மதிக்கலாம். நெடுத்த, நிமிர்ந்த தோற்றம். சீலை மட்டும் கசங்கியிருந்தது. பெயர் சறோஜினிதேவி. நாரந்தனைக்காரர். முப்பத்தொரு வருடம் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போதும் வீட்டில் கலியாணச் சட்டைகள் தைத்துக் கொடுப்பவர்.

"இஞ்சை என்ரை அயன்பெட்டி இருக்குதாம்" என்றார்.

கோபிசங்கர் எழுந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சறோஜினிதேவி அதில் இருக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து நீட்டினார். அதில் பரமலிங்கத்தின் கையெழுத்தில், 'அயன்பெட்டி ஒன்று, வேலை செய்யாது, செவ்வாய் தரப்படும்' என்று இருந்தது. எந்தச் செவ்வாய் என்று இல்லை.

"முதல் கேட்கக் கொழும்பிலையிருந்து சாமான் வரவேணும் எண்டார். பிறகு தனக்குக் காய்ச்சல் எண்டார். நேற்றுப் போனனான், அயன்பெட்டியைக் கம்பஸிலை ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கினம் எண்டு சொல்லுறார். இதையும் ஒருக்கால் பாப்பம் எண்டு வந்தனான்."

கோசலாவுக்கு முகம் சுட்டது. "அது உண்மைதான், ரீச்சர்" என்றாள்.

சறோஜினிதேவி இதை எதிர்பார்க்கவில்லை. அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

"பெட்டி இல்லை, ரீச்சர். பெட்டிக்குள்ளை இருந்த மைக்காவைத்தான் அவர் தந்தவர். இந்தாங்கோ, இதுதான்."

"இது நகத்தளவெல்லோ."

"இதுக்கு மேலை எங்கடை படை ஒண்டு ஒட்டியிருக்கு."

அவர் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லை."

"கண்ணுக்குத் தெரியாது, அம்மா" என்று கோபிசங்கர் உதவிக்கு வந்தார். "மூண்டு அணுத் தடிப்பு."

"கண்ணுக்குத் தெரியாத சாமானை வைக்கிறதுக்கு ஊரிலை வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ, என்ரை அயன்பெட்டிதான் வேணுமாய்க் கிடந்ததோ?"

அதுதான் ஐயா கேள்வி என்று கோபிசங்கருக்கே தோன்றியது. வேறு எதில் வைத்தாலும் அது ஏன் மங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். அவர் தளம் என்றால் என்ன, இலத்திரன் எப்படிப் போய்வருகிறது என்று விளக்கத் தொடங்கினார். சறோஜினிதேவி ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். கோசலா இடையில் புகுந்து லேசரைப் போட்டு அந்த முக்கோணத்தைத் திரையில் காட்டினாள். அவர் எழுந்து கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு" என்றார். "அதுக்காக நான் கசங்கின சீலையோடை திரியேலாது. வாரும் பிள்ளை, நீரும் என்னோடை வாரும். அவர் நீர் எடுத்தனீர் எண்டுறார், நீர் அவர் தந்தவர் எண்டுறீர். ரெண்டு பேரையும் ஒரு இடத்திலை வைச்சுக் கேக்கவேணும்."

கோசலா கோபிசங்கரைப் பார்த்தாள். அவர் கணினித் திரையில் ஏதோ அவசரமாகத் தேடுவதுபோல் இருந்தார்.

இரண்டு பேரும் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வங்களாவடியில் இறங்கினார்கள். பரமலிங்கம் வாசலில் ரீச்சரைக் கண்டதும் ஓர் இருமல் இருமினார். பின்னால் கோசலாவையும் கண்டதும் இருமலை நிறுத்திவிட்டார்.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ."

"இருக்க வரேல்லை. பரமலிங்கம், எனக்கு ஒரு விசயம் சொல்லும். நீர் அதைக் கழட்ட முதல் ஒருக்கால் எண்டாலும் கரண்டிலை போட்டுப் பாத்தனீரோ, அல்லது கண்டவுடனை கழட்டினனீரோ?"

பரமலிங்கத்துக்குத் தொழிலில் சந்தேகம் வைத்தால் பொறுக்காது. "என்ன ரீச்சர் இப்படிக் கேக்கிறியள்? போட்டுப் பாக்காமல் நான் ஒரு சாமானும் கழட்டுறேல்லை. போட்டனான். நல்லாச் சூடேறினது. அந்தச் சூட்டோடை கழட்டப்போய் என்ரை விரலும் சுட்டது. இஞ்சை பாருங்கோ, தழும்பு."

விரலை நீட்டினார். சறோஜினிதேவி விரலைப் பார்க்கவில்லை.

"சூடேறினதோ?"

"ஓம்."

"அப்ப அதிலை என்ன பழுது?"

பரமலிங்கம் விரலை மெல்ல மடக்கிக்கொண்டார். பிறகு, "பிளக்கிலை பியூஸ் போயிருந்தது. அதை உடனை மாத்தினனான்" என்றார்.

"பியூஸ் மாத்தினாப் பிறகு வேலை செய்தது."

"செய்தது."

"பிறகேன் கழட்டினனீர்?"

"நாப்பது வருசத்துப் பெட்டி, ரீச்சர். உள்ளை எப்பிடி இருக்கும் எண்டு பாக்கவேணும்போலை கிடந்தது."

சறோஜினிதேவி வாய் திறப்பதற்குள் கோசலா முன்னால் வந்தாள்.

"அண்ணை, எனக்குத் தரேக்கை அந்த மைக்கா சூடாய் இருந்ததோ?"

"இல்லாட்டி நான் ஏன் குறட்டாலை பிடிக்கிறன்?"

"நான் அதிலை செலோரேப் ஒட்டேக்கையும் சூடு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். அந்தப் பெட்டி லேசிலை ஆறாது. அந்தக் காலத்து இரும்பு."

கோசலா சிரிக்கத் தொடங்கினாள். ரீச்சரும் பரமலிங்கமும் முதன்முறையாக ஒரே பக்கத்தில் நின்று அவளைப் பார்த்தார்கள். தங்களை நக்கலடிக்கிறாள் என்று இருவருக்கும் மனத்தாங்கல்.

அவள் விளக்கினாள். மைக்காவுக்குத் தண்ணியில் ஆசை. மேல்படையை உரித்த கணமே காற்றிலிருக்கும் ஈரம் அதில் ஒட்டிவிடும், கண்ணுக்குத் தெரியாத அளவில். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரத்துக்கு மேல் தன்னுடைய படையை வைத்தால், அது மைக்காவைத் தொடவே இல்லை, தண்ணியைத்தான் தொடுகிறது. இடையில் தண்ணி நின்றால் மைக்காவால் படையிலிருந்து இலத்திரனை இழுக்க முடியாது. சூடான மைக்காவில் ஈரம் நிற்காது. அன்றைக்குக் கடையில் அந்தப் படை நேராக மைக்காவிலேயே போய் ஒட்டியிருக்கிறது. ஆய்வுகூடத்தில் செய்த பதினொன்றும் தண்ணிக்கு மேல் மிதந்திருக்கின்றன.

"அப்ப என்ரை அயன்பெட்டியிலை பிழை இல்லை" என்றார் சறோஜினிதேவி.

"ஒரு பிழையும் இல்லை, ரீச்சர்."

"அதைத்தான் நானும் சொன்னனான்" என்றார் பரமலிங்கம். அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

ரீச்சர் அன்றைக்குக் கடையை விட்டு அசையவில்லை. பரமலிங்கம் புது மைக்கா வைத்து, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே பெட்டியைப் பூட்டினார். ஓர் ஆணி மிஞ்சியது. மறுபடி கழற்றிப் பூட்டினார். பழைய மைக்கா முழுவதும் கோசலாவுக்கு வந்தது.

இனி மைக்காவைச் சூடாக்க வேண்டும். இரசாயனத் துறையில் சூடாக்கும் தட்டு ஒன்று இருந்தது, ஆனால் தை மாதம்வரை அங்கே பரீட்சை. கோபிசங்கருக்குத் தைவரை பொறுக்க மனமில்லை. "அயன்பெட்டியைக் கவிட்டு வைச்சால் அதுவும் ஒரு தட்டுத்தானே" என்றார். தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும் புதுவகை. பாதுகாப்பானதாம். கோசலா நாரந்தனைக்குப் போனாள்.

"பெட்டியைத் தரமாட்டன்" என்றார் சறோஜினிதேவி. "ஒருக்கால் கையை விட்டுப் போய்ப் படிச்சது போதும். வேணுமெண்டால் நான் கொண்டு வாறன்."

அப்படி அவர் மூன்று புதன்கிழமைகள் வந்தார். பெட்டி துவாயில் சுற்றி, மடியில் பிள்ளைபோல் பஸ்ஸில் வரும். ஆய்வுகூட மேசையில் இரண்டு செங்கல் அடுக்கி, நடுவில் அது மல்லாந்து இருத்தப்படும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியைத் தொட அவர் யாரையும் விடவில்லை.

"இப்ப எத்தனை பாகை, அம்மா?" என்று கோபிசங்கர் குறிப்புப் புத்தகத்தோடு கேட்டார்.

"பாகை எனக்குத் தெரியாது. பட்டுச் சீலை கருகும், கொட்டன் சீலை கருகாது."

கோபிசங்கர் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். நூற்று ஐம்பத்திரண்டு. இரண்டாம் புதன் பார்த்தார். நூற்று ஐம்பத்தொன்று. மூன்றாம் புதன் அவர் வெப்பமானியை எடுக்கவில்லை.

முதல் மாதிரி அயன்பெட்டியிலிருந்து இறங்கி லேசருக்குக் கீழே போனபோது வெளியே அடைமழை. சிவப்பு முக்கோணம் எழுந்தது. இருபது மடங்கு. கோசலா அடுத்ததைச் செய்தாள். அதுவும் வந்தது. பத்து மாதிரியில் ஒன்பது வந்தன. வராத ஒன்று கோபிசங்கர் ஆசைப்பட்டுத் தன் கையால் ஒட்டியது. கடைசிப் புதன் அதே சூட்டில் சாதாரணக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டிப் பார்த்தார்கள். அவை மங்கலாகவே இருந்தன. ஆக, சூடு மட்டும் காரணம் இல்லை. ஈரத்தை விரட்டுவது சூடு, இலத்திரனை எடுப்பது மைக்கா. இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரு சின்னப் பதில் கிடைத்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். சறோஜினிதேவி அதைக் கண்டும் காணாததுபோல் பெட்டி ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்.

கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். செய்முறைப் பகுதியில் கோபிசங்கர், 'வீட்டுப் பாவனைக்குரிய மின்னழுத்தி' என்று நேர்மையாகவே எழுதினார். பரிசீலித்த இருவரில் ஒருவர், நல்ல வேலை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். மற்றவர் பதினான்கு கேள்வி அனுப்பினார். ஒன்பதாவது கேள்வி, அந்த மின்னழுத்தியிலிருந்து நீராவி கசிந்து முடிவைப் பாதித்திருக்க வாய்ப்பில்லையா என்பது. கோசலா அதைத் தொலைபேசியில் ரீச்சருக்குச் சொன்னாள்.

"ஆரவர்?" என்றார் சறோஜினிதேவி.

"தெரியாது, ரீச்சர். பேர் சொல்லமாட்டினம்."

"நீராவி அடிக்கிற பெட்டியெல்லாம் பிறகு வந்தது. என்ரையிலை ஒரு ஓட்டையும் இல்லை. அப்பிடியே எழுதும்."

அப்படியே எழுதினார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆனி மாதம் கட்டுரை வெளிவந்தது. கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில், மின்னழுத்தியைத் தந்து அதன் வெப்பத்தை ஒழுங்காகப் பேணியமைக்காகத் திருமதி சறோஜினிதேவிக்கும், மைக்காவைக் கழற்றித் தந்தமைக்காகத் திரு. பரமலிங்கத்துக்கும் நன்றி என்று இருந்தது. பரமலிங்கம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். அதைப் பார்த்த பிறகு வேலணைச் சனம் சாமானைக் கொடுக்கும்போது, "அண்ணை, ஆராய்ச்சி ஒண்டும் வேண்டாம், பிளக்கை மட்டும் பாருங்கோ" என்று சொல்லத் தொடங்கியது.

கோசலா ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நாரந்தனைக்குப் போனாள். ரீச்சர் தையல் மெசினை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கோசலா அந்த வரிகளை முதலில் ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னாள்.

"இதை எத்தனை பேர் வாசிப்பினம்?"

கோசலாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "கன பேர் இல்லை, ரீச்சர். இந்த வேலை செய்யிறவை மட்டும்தான். கடைசிவரைக்கும் வாசிக்கிறவை எண்டால், உலகம் முழுக்க ஒரு நாப்பது பேர் இருப்பினம்."

சறோஜினிதேவி மெசினில் கிடந்த துணியை மடித்து வைத்தார்.

"முப்பத்தொரு வருசத்திலை என்ரை வகுப்பிலை முப்பத்திரண்டு பேருக்கு மேலை ஒரு நாளும் இருந்ததில்லை" என்றார். "திருப்பி வாசியும் பிள்ளை. இந்தமுறை கொஞ்சம் ஆறுதலாய்."